கூடையைச் சுற்றிக் கம்பி இருக்கும்போது ஹார்னஸ் கொக்கி எதற்கு?

கூடைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். பூம் லிஃப்டில், அதாவது நீளமான இரும்புக் கையின் (பூம்) நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள வண்டியில், ஏற ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. கண்ணாடி துடைப்பது, பெயின்ட், விளக்கு மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் ஏறியிருக்கிறேன். நேற்று புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி என்னைக் கீழே இறக்கிவிட்டார். உடம்பில் கட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னஸ் போட்டிருந்தேன், அதன் கயிற்றுக் கொக்கியை மட்டும் கூடையில் மாட்டவில்லை. அதற்குத்தான்.

சுற்றிலும் இடுப்புக்கு மேல் கம்பி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. நன்றாகக் குனிந்தால்கூட விழ முடியாது. அப்புறம் கொக்கி எதற்கு? எனக்கு இன்னொரு பயமும் உண்டு. வண்டியே சாய்ந்தால் மாட்டியிருப்பவன் வண்டியோடு போவான், மாட்டாதவன் குதித்தாவது தப்பிப்பான். கத்தரி மாதிரி மடிந்து விரியும் கால்கள் மேல் மேடை இருக்கும் சிசர் லிஃப்டில் இருப்பவர்களை யாரும் இப்படிப் பிடுங்குவதும் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விதிப் புத்தகத்தை எடுத்துப் போட வேண்டாம், அதை அவரே படித்துக் காட்டிவிட்டார்.

பச்சைத்தொப்பி
நானும் அந்த மாதிரிப் பாதுகாப்பு அதிகாரிதான், திட்டாமல் கேளுங்கள். புத்தகம் வேண்டாம், கணக்குப் போடலாம்.

உங்கள் வண்டியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 2.4 மீட்டர் என்று வையுங்கள். கூடையை 20 மீட்டர் உயர்த்தியபடி மெதுவாக ஓட்டுகிறீர்கள். ஒரு பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது. அரை சாண்தான். கீழே நிற்பவனுக்கு வண்டி லேசாகக் குலுங்கியது போலத்தான் தெரியும், சாய்வு இரண்டரை டிகிரிகூட இல்லை. மேலே உங்கள் கூடை பக்கவாட்டில் 80 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். போனது அங்கேயே நிற்காது. பூம் நீளமான இரும்பு, வளைந்து நிமிரும். உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி நீங்கள் கம்பிக்கு மேலே எழும்பி வெளியே போவீர்கள். கம்பியின் உயரம் ஏறக்குறைய 1.1 மீட்டர், பலருக்கு இடுப்புக்குச் சற்று மேலே. நிற்பவனைத் தடுக்க அது போதும், தூக்கி எறியப்பட்டவனைத் தடுக்காது.

பள்ளம்தான் வேண்டும் என்றில்லை. கூடையின் அடி ஒரு குழாயில் சிக்கியிருக்கும், தெரியாமல் மேலே தூக்குவீர்கள், பூம் விறைத்துக்கொண்டு வரும், பட்டென்று விடுபடும். அதே கதைதான். மரக்கிளை வெட்டுகிறவர்களுக்கு விழுகிற கிளை கூடையில் அடித்தால் இதே உதறல்.

சிசர் நேராக மேலே போகும், நேராக இறங்கும், இந்த உதறல் அதில் குறைவு. அதனால்தான் அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகள் சிசரை நகரும் சாரம் போலக் கருதி, முறையான கம்பித் தடுப்பு இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. பூம் லிஃப்டில் மாட்டியே ஆக வேண்டும். ஆனால் சில சிசர் வண்டிகளின் கையேட்டிலேயே மாட்டச் சொல்லியிருக்கும். அங்கே கையேடு சொல்வதுதான் பேச்சு.

மாட்டும்போது கயிற்றின் நீளத்தைப் பாருங்கள். சாரத்தில் போடும் 1.8 மீட்டர் அதிர்ச்சி தாங்கும் லேன்யார்டை அப்படியே கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் அதிகம். அது கயிறு, விரியும் பகுதி, உங்கள் உடம்பு எல்லாம் சேர்ந்து 5 மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். கூடை 4 மீட்டரில் இருந்தால் தரைதான் உங்களைப் பிடிக்கும். கம்பியைத் தாண்டவே விடாத குட்டைக் கயிறுதான் இங்கே சரி. மாட்ட வேண்டிய இடம் கூடைக்குள் அதற்கென்று கொடுத்திருக்கும் வளையம். கைப்பிடிக் கம்பியில் வேண்டாம், பக்கத்துக் கட்டடத்தின் உத்தரத்தில் வேண்டவே வேண்டாம். கூடை நகர்ந்தால் உங்களை உருவிப் போட்டுவிடும்.

கூடைக்காரன்
80 சென்டிமீட்டர் கணக்கை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. இத்தனை நாள் பள்ளம் என்றால் கூடை ஆடும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சரி, தூக்கி எறிவதற்குக் கொக்கி. சாய்ந்தால்? அதற்குப் பதில் வரவில்லை.

பழைய ஸ்பேனர்
அதற்கு நான் வருகிறேன். 20 வருடத்துக்கு மேல் இந்த வண்டிகளை ரிப்பேர் பார்க்கிறவன்.

தம்பி, 15 மீட்டரிலிருந்து குதித்தால் ஒன்றே முக்கால் நொடியில் தரை. அப்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் சாய்கிற கூடையிலிருந்து, சாய்கிற பக்கமே விழுவாய், பின்னாலேயே கூடை உன் மேல் வரும். குதித்துத் தப்பிப்பது என்பது மனசு சொல்லும் சமாதானம். அதற்காக மாட்டியிருந்தால் பிழைத்துவிடுவாய் என்றும் நான் சொல்லவில்லை. சாய்வதற்குக் கொக்கியில் பதில் கிடையாது. சாயாமல் வைத்திருப்பதுதான் பதில், அந்த வேலை வண்டி தரையில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

நான் பார்த்த சாய்வுகளில் வண்டி தானாகக் கெட்டுப்போய் சாய்ந்தது மிகக் குறைவு. சாய்வு அலாரம் கத்துகிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்த வண்டி என்னிடம் வந்திருக்கிறது. கேட்டால், "தொல்லையா இருந்துச்சு".

இன்னொன்று யாருக்கும் தெரிவதில்லை. பெரிய பூம் லிஃப்ட் பலவற்றின் டயருக்குள் காற்றுக்குப் பதிலாக நுரைப்பொருள் நிரப்பியிருப்பார்கள், கெட்டியாகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். பஞ்சர் ஆகாது என்பதற்காக மட்டும் என்று நினைக்கிறார்கள். அந்த எடையையும் சேர்த்துத்தான் வண்டி நிலையாக நிற்கும் கணக்கு. ஒரு டயர் கிழிந்துவிட்டது என்று அதே அளவில் காற்று டயர் வாங்கி மாட்டினால் வண்டியின் அடி எடையைக் குறைத்துவிட்டாய் என்று அர்த்தம். மின்சார சிசரில் பேட்டரியும் அப்படித்தான். பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு எடை குறைந்ததைப் போட்டால், குறைந்த எடைக்கு ஈடாக இரும்பு வைத்தாக வேண்டும். தயாரித்தவர் சொன்ன எடையா என்று கேட்காமல் ஒரு பொருளையும் மாற்றாதீர்கள்.

புதுவரவு
ஒரு சந்தேகம். எங்கள் கூடையில் 230 கிலோ என்று போட்டிருக்கிறது. நானும் கூட ஒருவரும், 20 லிட்டர் பெயின்ட் டப்பா நாலு. ஏற்றலாமா?

பச்சைத்தொப்பி
ஒரு ஆளுக்கு 80 கிலோ என்பது பொதுவான கணக்கு, இரண்டு பேர் 160. மீதி 70. பெயின்ட் தண்ணீரைவிடக் கனம், ஒரு டப்பா 25 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு டப்பாவோடு நிறுத்துங்கள். உங்களில் யாராவது 80 தாண்டியவர் என்றால் அதையும் மனசாட்சியோடு கழித்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது எல்லோரும் எடை பார்க்கிறார்கள். மேலே போய்ப் பழைய கண்ணாடியையோ குழாயையோ கழற்றிக் கூடைக்குள் வைக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. அப்புறம், கையால் தள்ளும் விசைக்கும் வரம்பு உண்டு, அதே தகட்டில் நியூட்டன் கணக்கில் இருக்கும். மேலே நின்று கேபிளை முழு பலத்தோடு இழுப்பதும் வண்டியைச் சாய்க்கிற விசைதான்.

விளம்பரப்பலகை
காற்றை யாரும் சொல்லவில்லையே. எங்கள் பிழைப்பே வெளியில்தான். வெளியில் வேலை செய்யலாம் என்று சொல்லும் வண்டிகளில் பெரும்பாலும் 12.5 மீட்டர் / நொடி என்று வரம்பு இருக்கும், மணிக்கு 45 கிலோமீட்டர். உள்ளே மட்டும் ஓட்டுகிற சிசர்களில் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து வெளியே எடுத்துக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும். அந்த வண்டிக்குக் காற்றே ஆகாது என்பதுதான் அந்தப் பூஜ்யம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. மேலே போகப் போக வேகமும் கூடும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே இன்னும் சீறும். கூடைக் கம்பியில் பேனரைக் கட்டினால், அல்லது 8 அடிக்கு 4 அடி தகட்டைக் கையில் பிடித்தால் வண்டி பாய்மரக் கப்பல் ஆகிவிடும், 12.5 என்ற வரம்புக்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

2010 அக்டோபரில் அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். கால்பந்துப் பயிற்சியைப் படம் பிடிக்க சிசர் லிஃப்டில் ஏறிய மாணவர், வண்டி காற்றில் சாய்ந்து இறந்துபோனார். அன்று மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. மேலிருந்தபடியே காற்று பயமாக இருக்கிறது என்று இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் உறுத்துவது, அந்தச் சமயம் கீழே அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பது.

மின்கம்பி
மின்கம்பி வேலைக்கு ஏறும் பக்கெட் வண்டி ஆட்கள் சார்பில் நான். லைன் வேலை.

முதலில் ஒரு தப்பெண்ணம். நீங்கள் ஓட்டுகிற சாதாரண பூம் லிஃப்டும் சிசரும் மின்காப்பு இல்லாதவை. சக்கரம் ரப்பராயிற்றே என்று நம்பாதீர்கள். மின்வேலை தெரியாதவர்கள் மின்கம்பிக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 50 கிலோவோல்ட் வரை 3 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் அழுத்தம் ஏற ஏறத் தூரமும் ஏறும். நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்து அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது கூடைக்கு மட்டுமான தூரம் கிடையாது. கையில் இருக்கும் குழாய், நிமிரும் முழங்கை, பூமின் வளைவு, காற்றில் ஆடும் கம்பி எல்லாம் அதற்குள் அடக்கம். கூடையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் பூமின் முட்டி போய்க் கம்பியில் படும்.

எங்கள் பக்கெட் வண்டியில் கண்ணாடியிழைப் பகுதி உண்டு. அது நம்மைக் காப்பது தரை வழியாகப் போகும் மின்சாரத்திலிருந்து. ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டாலோ, ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டமும் இருந்தாலோ அது ஒன்றும் செய்யாது. அழுக்கும் ஈரமும் படிந்தால் அந்தக் காப்பும் குறைந்துவிடும். அதனால்தான் துடைப்பதும், காலத்துக்குக் காலம் உயர் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதும்.

கம்பியில் பட்டுவிட்டால் மேலே இருப்பவரைவிட முதலில் போவது பல நேரம் கீழே நிற்பவர்தான். வண்டியில் கை வைத்துக்கொண்டு நிற்பார், அல்லது உதவ ஓடிவந்து கதவைத் தொடுவார். வண்டி முழுவதும் மின்சாரம், இவர் கால் தரையில். மேலே இருப்பவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், கீழே இருப்பவர் கிட்டவே வரக்கூடாது, லைனை நிறுத்தச் சொல்லிப் போன் போடுவதுதான் உதவி. கம்பி அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், துணைமின்நிலையத்தில் பிரேக்கர் சில நொடியில் தானாகவே மறுபடி போடும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துத் தாவி, சேர்த்தபடியே குட்டிக் குட்டியாக நகர்ந்து போக வேண்டும். எட்டி நடந்தால் இரண்டு பாதத்துக்கு நடுவே மின்னழுத்தம் இருக்கும்.

ஏணிக்காலம்
எல்லாம் சரி, இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்? நாங்கள் ஏணியிலும் சாரத்திலும் எந்தக் கயிறும் இல்லாமல் 30 வருடம் ஓட்டினோம். லிஃப்ட் வந்த பிறகுதான் ஆளாளுக்குப் பயம் காட்டுகிறீர்கள்.

பழைய ஸ்பேனர்
அண்ணே, ஏணியோடு ஒப்பிட்டால் லிஃப்ட் எவ்வளவோ மேல், அதில் சண்டையே இல்லை. ஆனால் ஏணி உங்களைத் தூக்கிக்கொண்டு போய் உத்தரத்தில் அழுத்தாது.

தரைக்கால்
பழைய ஸ்பேனர் தொட்டுவிட்டு விட்டதை நான் சொல்லியாக வேண்டும். என் வேலை கீழே நிற்பது. ஸ்பாட்டர் என்பார்கள், காவல் என்பார்கள், சும்மா நிற்கிறான் என்றும் சொல்வார்கள்.

கிடங்கு ஒன்றில் கூரைக்குக் கீழே குழாய் வேலை. என் கூட்டாளி கூடையில். கண்ட்ரோல் பேனலைப் பார்த்து நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் இரும்பு உத்தரம். கூடையைத் திருப்பிக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்தார். பூம் 180 டிகிரி சுற்றியிருந்தால் ஓட்டும் திசை தலைகீழாகும் என்பது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் எல்லோருக்கும் மறக்கும். ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினார், வண்டி அவர் முதுகுப் பக்கமாகப் போனது. உத்தரம் முதுகில் பட்டு அவரைப் பேனல் மேல் கவிழ்த்தது. கவிழ்ந்த நெஞ்சு ஜாய்ஸ்டிக்கை இன்னும் தள்ளியது. பயத்தில் காலை ஊன்றினால் அது மிதித்தால்தான் வண்டி ஓடும் ஃபுட் சுவிட்ச்சின் மேல். நிறுத்த வேண்டும் என்று உடம்பு செய்த ஒவ்வொன்றும் வண்டியை ஓட்டியது. கத்தவும் இல்லை. நெஞ்சு நசுங்கினால் சத்தம் வராது. எஞ்சின் உறுமல் மாறியதை வைத்துத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஓடிப்போய் அடியில் இருக்கும் சாவியைத் தரைக் கண்ட்ரோல் பக்கம் திருப்பினேன். மேலே இருக்கும் கண்ட்ரோல் உடனே செத்துப்போனது. அடுத்த நொடிதான் சிக்கல். இறக்கு என்று கை தானாகப் போகிறது. கூடை இருந்த கோணத்தில் பூமை இறக்கியிருந்தால் உத்தரம் அவரை இன்னும் அழுத்தியிருக்கும். எந்த வழியில் வந்து மாட்டினாரோ அதே வழியில் திரும்ப எடுக்க வேண்டும். பூமைப் பக்கவாட்டில் கொஞ்சம் சுற்றி எடுத்து, அப்புறம் இறக்கினேன். இரண்டு விலா எலும்பு. நடந்துதான் ஆம்புலன்ஸில் ஏறினார்.

இப்போது வரும் சில வண்டிகளில் பேனலுக்கு மேலே ஓர் அழுத்தக் கம்பி இருக்கிறது, நெஞ்சு அதில் பட்டால் வண்டி நின்று கொஞ்சம் பின்வாங்கும். பூம் பின்பக்கம் சுற்றியிருந்தால் தனி பட்டனைத் தட்டினால்தான் ஓடும் வண்டியும் உண்டு. பழைய வண்டியில் இருப்பது வண்டியின் அடிச்சட்டத்தில் ஒட்டிய இரண்டு நிற அம்புக்குறிதான். பேனலிலும் அதே நிற அம்புகள். ஓட்டுவதற்கு முன் இரண்டையும் பொருத்திப் பாருங்கள். பாதி வண்டியில் அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டிருப்பார்கள்.

மின்கம்பி
உங்கள் கூட்டாளி கொடுத்து வைத்தவர்.

புதுவரவு
தரைக்கால் அண்ணா, அவுட்ரிகர், அதாவது பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால், வைக்கும் வண்டியில் அந்தக் காலுக்கு அடியில் மரப்பலகை போடுகிறோமே, அது எதற்கு? தரை உறுதியாக இருந்தால் தேவையா?

தரைக்கால்
பூம் ஒரு பக்கம் நீண்டால் பாரம் ஏறக்குறைய ஒரே காலில் இறங்கும். அந்தக் காலில் 5 டன் என்று வை. பாதம் 30 சென்டிமீட்டர் சதுரம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தரைக் கிலோ. அடியில் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் வளையாத தட்டு போட்டால் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். உறுதி என்று உனக்குத் தெரிவது மேல்தோல் மட்டும்தான். தோண்டி மூடிய குழி, சாக்கடை மூடி, கேபிள் பள்ளம் எல்லாம் மேலே ஒரே மாதிரிதான் இருக்கும். மழைக்கு மறுநாள் காலையில் கால்களை மறுபடி பார்.

பழைய ஸ்பேனர்
எல்லோரும் மேலே ஏறுவதையே பேசுகிறீர்கள். எங்களைப் போல அடியில் படுக்கிறவர்களையும் கொஞ்சம் நினையுங்கள்.

ஹைட்ராலிக் எண்ணெய் போகும் ஹோஸ் வெடித்தால் கூடை விழுமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. விழாது. சிலிண்டரின் வாயிலேயே ஒரு பிடிப்பு வால்வ் உண்டு, எண்ணெய் தானாக வெளியேற விடாது. ரிப்பேர் செய்கிறவன் கழற்றுவது அந்த வால்வைத்தான். சிசரை உயர்த்தி வைத்துவிட்டு, முட்டுக் கொடுக்காமல், நடுவில் கையை விட்டு அதை நெகிழ்த்தினால் அத்தனை கனமும் கத்தரிக்கோல் மாதிரி மூடும். ஒவ்வொரு சிசரிலும் முட்டு ஒன்று கூடவே வரும், மடித்து வைத்திருக்கும். துருப்பிடித்து வளைந்திருந்தால் வேலையைத் தொடாதே. ஃபோர்க்லிஃப்ட் முள்ளை முட்டாக வைத்தவரைப் பார்த்திருக்கிறேன், அவரோடு நான் வேலை செய்வதில்லை. முட்டு கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் மேலே ஆள் கூடாது, சரக்கும் கூடாது.

கசிவைக் கையால் தடவித் தேடாதே. 200 பார் அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். அட்டையைப் பிடித்துத் தேடு. உள்ளே போனால் முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டுக்குப் போனால் விரலோ கையோ போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று இதே வார்த்தையில் சொல்லு, சாதாரணக் காயம் என்று மருந்து தடவி அனுப்பிவிடுவார்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் பீடி வேண்டாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஹைட்ரஜன்.

கூடைக்காரன்
மூன்று நாள் கழித்து வருகிறேன். தரைக்கால் எழுதியதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒரு சோதனை செய்தோம். குட்டைக் கயிற்றை வளையத்தில் மாட்டிக்கொண்டு கூடையை 6 மீட்டருக்கு ஏற்றினேன், பக்கத்தில் மின்கம்பி, உத்தரம் எதுவும் இல்லாத திறந்த வெளி. ரேடியோவில், "எனக்கு மயக்கம், என்னை இறக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே நிற்பவன் என்னோடு இரண்டு வருடம் வேலை செய்கிறவன்.

முதலில் சிரித்தான். அப்புறம் தரைக் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தான். சாவி இல்லை. சாவி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும், மேலே. அதைத் தூக்கிப் போட்டேன், நிஜமாக மயங்கியிருந்தால் போட்டிருக்க மாட்டேன். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கச் சொன்னேன். எஞ்சின் நின்றுபோனால் இறக்க உதவும் துணைப் பம்பின் சுவிட்ச்சை அவன் தொட்டதே இல்லை. எந்த நெம்புகோல் எதற்கு என்று எழுதியிருந்த ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருந்தது. நான் தரையில் கால் வைக்கும்போது 11 நிமிடம்.

இன்று காலை மறுபடி செய்தோம். சாவி கீழே, புது ஸ்டிக்கர். 50 நொடி. நாளை அவன் ஏறுகிறான், நான் கீழே நிற்கிறேன்.